பாலியல் வன்முறைக்குப் பிறகான மருத்துவப் பரிசோதனை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறதா?

கேள்வி இதுதான்: பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் போலீஸுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போகலாமா? போனால் என்ன செய்வார்கள்? ஊர், சாதி, பணம், உடல் குறைபாடு என்று எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே கவனிப்பு கிடைக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில், தாராளமாகப் போகலாம். எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, பரிசோதிக்கச் சொல்லி போலீஸ் தரும் கடிதமான மெமோ தேவையில்லை, பணமும் கட்ட வேண்டாம். கடைசிக் கேள்விக்குப் பதில், கிடைப்பதில்லை. அரசு மருத்துவமனைகளின் மகளிர் பிரிவில் பல வருடம் டியூட்டி பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். தடயம் எல்லார் உடலிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் அழிகிறது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பி பரிசோதனை அறைக்குள் வந்து சேர ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் வேறு. நகரத்தில், விவரம் தெரிந்த ஒரு தோழியோடு ஆட்டோ பிடித்து வருபவர் அன்றைக்கே வந்துவிடுவார். மலைக்கிராமத்துப் பெண் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் வருவார். நடுவில் போன மணி நேரங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்த விஷயத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பர் டெல்லி கொடுமைக்குப் பிறகு, 2013-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 397-வது பிரிவு. அரசு மருத்துவமனை, உள்ளாட்சி மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்கிறது அது. மறுத்தால் மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவு. குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ம் ஆண்டு விதிகள் இன்னும் பச்சையாகவே சொல்லிவிட்டன: சிகிச்சை தருவதற்கு முன்னால் எந்தக் காகிதத்தையும் கேட்கக் கூடாது.

இத்தனை தெளிவாக இருந்தும் காஷுவாலிட்டியில் இன்றைக்கும் காதில் விழுகிற வாக்கியம், "ஸ்டேஷனுக்குப் போய் மெமோ வாங்கிட்டு வாங்கம்மா." தனியார் மருத்துவமனை என்றால், "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போயிடுங்க." இரண்டுமே தவறு. ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவது டியூட்டி டாக்டரின் வேலை; போலீஸுக்குத் தகவல் அனுப்புவதும் மருத்துவமனையின் வேலை. பாதிக்கப்பட்டவரைத் தூது அனுப்பச் சட்டத்தில் இடமே இல்லை. கிராமப்புற மருத்துவமனைகளில் போலீஸ் கடிதம் இல்லாமல் பரிசோதிக்க மறுப்பதால் தடயம் அழிந்துபோகிறது என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே, கர்நாடக அரசு எதிர் மஞ்சண்ணா வழக்கில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 397-வது பிரிவு, மருத்துவமனை போலீஸுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. புகார் கொடுக்கவே விருப்பமில்லாத, சிகிச்சை மட்டும் வேண்டி வரும் பெண் இதைக் கேட்டதும் பயந்து திரும்பிவிடுவார். ஆனால் தகவல் போவது வேறு, அவர் புகார் கொடுப்பது வேறு. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதைப் பிரித்தே வைத்திருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். போட மறுக்க அவருக்கு உரிமை உண்டு. பரிசோதனை முழுவதையுமோ, அதில் ஒரு பகுதியை மட்டுமோ மறுக்கவும் உரிமை உண்டு. அந்த மறுப்பை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சிகிச்சையைத் தொடர வேண்டும். 12 வயது நிறைந்தவரிடம் அவருடைய சம்மதத்தையே கேட்க வேண்டும். அதற்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர்.

சரி, அறைக்குள் என்ன நடக்கும்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாததே பாதிப் பயம்.

தரையில் ஒரு பெரிய காகிதத்தை விரிப்பார்கள். அதன் மேல் நின்றுதான் உடையைக் களைய வேண்டும். உடையிலிருந்து விழும் மண், முடி, நூல் எல்லாம் அந்தக் காகிதத்தில் சேரும். பிறகு அதை அப்படியே மடித்து உறையில் போடுவார்கள். ஒவ்வொரு துணியும் தனித்தனிக் காகித உறையில் போகும். பிளாஸ்டிக் பை கூடாது. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் ஆய்வகத்தில் எதுவும் கிடைக்காது. நனைந்த துணி என்றால் நிழலில் உலர்த்திய பிறகே உறையில் வைக்க வேண்டும். நகத்தை வெட்டி எடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், அவர் சொல்லும் சம்பவத்தைப் பொறுத்து வாய், பிறப்புறுப்பு, ஆசனவாய், தோலில் கறை இருக்கும் இடம் எனப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். எடுத்த பஞ்சுக்குச்சியையும் அறையின் காற்றிலேயே உலர விட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு குழாயில் போட்டு மூடினால் அத்தனை பாடும் வீண். ஒவ்வொன்றிலும் பெயர், எண், தேதி, நேரம், அரக்கு முத்திரை. கடைசியாக யார் யாரிடம் ஒப்படைத்தார் என்ற கையெழுத்து. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இந்தக் கையெழுத்துச் சங்கிலியைத்தான்.

இதில் எதற்கும் விலை உயர்ந்த கருவி வேண்டாம். காகிதம், பஞ்சு, உறை, நிழல், பொறுமை. தாலுகா மருத்துவமனையிலும் செய்துவிடலாம். ஆனால் நிறைய இடங்களில் "இங்கே வசதியில்லை" என்று மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே பெண் டாக்டர் மாறும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். 18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. வயது வந்த பெண்ணுக்கு, பெண் டாக்டர் இல்லாத நேரத்தில், அவர் சம்மதித்தால், வேறொரு பெண்ணை உடன் வைத்துக்கொண்டு ஆண் டாக்டரே பார்க்கலாம். காத்திருக்க வைத்துத் தடயத்தை இழப்பது கூடாது என்பதுதான் நெறிமுறை. கேட்டுப் பார்த்து, பெண் டாக்டர்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கேட்காமலேயே பெஞ்சில் உட்கார வைப்பதுதான் அநியாயம்.

நேரக் கணக்கு இப்படி. விந்தணுவைப் பொதுவாக 72 மணி நேரம் வரைதான் காண முடியும். நெறிமுறைகள் 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கச் சொல்கின்றன, ஏனென்றால் அதிர்ச்சியில் இருப்பவர் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம். குளித்திருக்கலாம், துணி மாற்றியிருக்கலாம், மாதவிடாய் வந்திருக்கலாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடயத்தைக் குறைக்கும். அதற்காக அவரைக் குற்றம் சொல்லக் கூடாது, குளித்துவிட்டார் என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிடவும் கூடாது. பரிசோதனை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அறிக்கையில் எழுதச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த இரண்டு நேரங்களையும் அவர் மருத்துவமனை வாசலில் வந்து நின்ற நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மருத்துவமனை யாரை எவ்வளவு நேரம் காக்க வைத்தது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு நாள், ஸ்டேஷனில் அரை நாள், முதலில் போன மருத்துவமனையில் ஒரு இரவு. என்னிடம் வந்தபோது மூன்று நாள் தாண்டிவிட்டது. உடையைத் துவைத்து, காய வைத்து, மடித்து எடுத்து வந்திருந்தார். டாக்டரம்மாவைப் பார்க்க அழுக்குத் துணியோடு வரக் கூடாது என்று நினைத்தாராம். துவைக்காதே என்று வழியில் சந்தித்த அத்தனை அதிகாரிகளில் ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை.

தடயம் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். உண்மையில் முதலில் நடக்க வேண்டியது சிகிச்சை. அதற்கும் கடிகாரம் ஓடுகிறது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது; தொடர்ந்து 28 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன். ஐந்து நாள் வரை கொடுக்கலாம், ஆனால் நாளாக ஆகப் பலன் குறையும். காப்பர் டி-யும் ஐந்து நாளுக்குள் போட்டால் வேலை செய்யும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி, பால்வினை நோய்களுக்கான மாத்திரை, பிறகு மனநல ஆலோசனை. இது எல்லாமே அவர் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கிடைக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் இதில் ஒரு கூடுதல் தடை இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரை இந்தியாவில் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கக் கூடியது. ஆனால் நம் ஊரில் பல மருந்துக்கடைகளில் கேட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஸ்டாக் இல்லை" என்பார்கள். ஆன்லைனில் வாங்கத் தெரிந்தவர், வெளி மாநிலத்தில் நண்பர் உள்ளவர் சமாளித்துவிடுகிறார். மற்றவருக்கு அரசு மருத்துவமனைதான் கதி. அங்கே பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று வந்து தடயம் மட்டும் எடுத்து அனுப்பி, மாத்திரை கொடுக்க மறந்தால், அதன் விலையை மூன்று மாதம் கழித்து அவர் கருக்கலைப்பு வார்டில் கொடுக்கிறார். 28 நாள் மருந்துக்கும் இதே கதைதான். முதல் தவணை கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். தினக்கூலிக்குப் போகிறவர், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்தவர், இரண்டு பஸ் மாறி எத்தனை முறை வருவார்? முழு மருந்தையும் கையில் கொடுத்து, தொடர் விசாரிப்பைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்தால் போதும்.

இனி அறிக்கை. டாக்டர் எழுதும் ஒரு வரி வழக்கின் தலையெழுத்தை மாற்றிவிடும், அதிலும் சமூகத்தின் கீழ்த்தட்டில் இருப்பவருக்கு. 1972-ல் மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமியின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரவுதான் அவரைப் பரிசோதித்தார்கள். உடலில் காயம் இல்லை, கன்னித்திரையில் பழைய கிழிசல், இரண்டு விரல் எளிதாக நுழைந்தது என்று அறிக்கை வந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தபோது, காயம் இல்லாததைப் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த கடிதமும் நாடு முழுவதும் எழுந்த பெண்கள் போராட்டமும்தான் 1983 சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன.

காயம் இல்லை என்றால் சம்மதம் என்று ஆகாது. பயத்தில் உடல் உறைந்துபோகும், மிரட்டல் இருக்கும், மது கொடுத்திருப்பார்கள். பலருக்கு ஒரு கீறல்கூட இருக்காது. இருந்த சின்னக் காயமும் மூன்றாம் நாள் ஆறியிருக்கும். அதனால் காயமும் தடயமும் இல்லாதபோது, ஏன் இல்லாமல் இருக்கலாம் என்ற காரணத்தையும் சேர்த்து, பாலியல் வன்முறை நடந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது என டாக்டர் எழுத வேண்டும். வெறுமனே "காயம் இல்லை" என்று எழுதி முடிப்பது அரைகுறை வேலை. தாமதமாக வந்தவருக்கு இந்த அரைகுறை வரி இரட்டைத் தண்டனை: தாமதத்துக்குக் காரணம் அவரில்லை, பலனை அனுபவிப்பவர் அவர்.

விரல் எளிதாக நுழைகிறதா என்று பார்த்து, உடலுறவுக்குப் பழகியவரா என்று முடிவு கட்டும் இரு விரல் பரிசோதனை என்ற அவமானம் இப்போது சட்டப்படி ஒழிந்துவிட்டது. 2013-ல் லில்லு எதிர் ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்ணியத்துக்கும் அந்தரங்க உரிமைக்கும் எதிரானது என்றது. 2014 நெறிமுறைகள் தடை செய்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், இந்தப் பரிசோதனையை மாநிலத்தில் உடனே தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-ம் தேதி ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இதைச் செய்யும் டாக்டர் நடத்தை விதியை மீறியவர் ஆவார் என்றது. ஒன்பது ஆண்டில் மூன்று முறை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்றால் பழக்கம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள்.

காரணம் பாடப்புத்தகம். எங்கள் தலைமுறை தடயவியல் பாடத்தில் கன்னித்தன்மையின் அடையாளங்கள் என்று தனியாகப் படித்துத்தான் பரீட்சை எழுதினோம். 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் கன்னித்தன்மை, கன்னித்திரையின் முக்கியத்துவம் எல்லாம் திரும்ப வந்தன. பெண்-பெண் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் அதை எழுதி, படித்துப் பார்த்து, வெளியிட்டவர்கள் எல்லாரும் டாக்டர்கள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

சாதி இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட விதியைக் காட்டுகிறேன். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் வன்கொடுமைக்கு ஆளானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி அரசு நிவாரணம் உண்டு. 2016 திருத்தத்தின்படி பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம் ரூபாய், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 8.25 லட்சம். இதில் பாதித் தொகையை எப்போது தர வேண்டும்? மருத்துவப் பரிசோதனை முடிந்து, அதை உறுதிப்படுத்தும் மருத்துவ அறிக்கை வந்த பிறகு. யோசித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் வந்தவருக்குத் தடயம் கிடைக்காது; டாக்டர் "காயம் இல்லை" என்று ஒரு வரி எழுதுவார்; அந்த வரியைக் காட்டி நிவாரணத்தைத் தள்ளிப்போட வழி பிறக்கிறது. வழக்கு நடக்கும்வரை ஊரை விட்டு வெளியேறி வாடகை கொடுத்து வாழ அந்தப் பணம்தான் அவருக்கு ஆதாரம். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் முதல் தவணை என்று இந்த விதியை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

வாச்சாத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ம் தேதி தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனமரம் தேடுகிறோம் என்று புகுந்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊர்ப் பெண்களைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே 1995-ல்தான். அதற்குள் எந்த உடலில் எந்தத் தடயம் மிஞ்சியிருக்கும்? ஆனாலும் அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறி ஆளை அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023-ல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவரின் நம்பத்தக்க சாட்சியமே தண்டனைக்குப் போதும் என்பது சட்டம். மருத்துவ அறிக்கை துணை ஆதாரம். இதைத் தெரிந்துகொண்டால், நாள் கடந்துவிட்டது என்று யாரும் மருத்துவமனைக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் விஷயம் வேறு மாதிரி. காது கேளாத, வாய் பேச இயலாத பெண் வந்தால் கூட வந்த உறவினரே எல்லாம் பேசுவார். அவர் சொல்வதைத்தான் டாக்டரும் எழுதிக்கொள்வார். ஆனால் கொடுமை செய்தவர் வீட்டுக்குள் இருப்பவராகவும் இருக்கலாம், துணைக்கு வந்தவராகவே இருக்கலாம். சைகை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரை வைத்து, உறவினரை வெளியே அனுப்பிவிட்டு அவரிடமே கேட்க வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது என்று டியூட்டி டாக்டர் கேட்பது நியாயமான கேள்வி. மாவட்டத்துக்கு ஒரு பட்டியல், அதில் செல்போன் எண்கள், வீடியோ காலில் உதவி. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படம், பொம்மை வைத்து மெதுவாக விளக்க வேண்டியிருக்கும். அதற்கு நேரம் எடுத்துக்கொள்வதைத் தாமதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

திருநங்கைகள், திருநம்பிகள், வயது வந்த ஆண்கள். இவர்களைச் சட்டமே பாதி வழியில் கைவிட்டுவிட்டது. பாலியல் வன்கொடுமை என்ற குற்றம் சட்டத்தில் பெண்ணுக்கு எதிரானதாக மட்டுமே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டாய உறவு விஷயத்தில் ஓரளவு பயன்பட்ட, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, புதிய சட்டத்தில் இல்லவே இல்லை. 2019 திருநர் சட்டத்தின் 18-வது பிரிவில் அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டு. இலவச சிகிச்சையைக் கட்டாயமாக்கும் 397-வது பிரிவும் குறிப்பிட்ட சில குற்றப் பிரிவுகளைப் பட்டியலிட்டுத்தான் பேசுகிறது. இவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். கணவனால் வன்கொடுமைக்கு ஆளாகும், சேர்ந்து வாழும் மனைவியும் வெளியேதான். 18 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள் மட்டும் போக்சோவுக்குள் வருகிறார்கள்.

ஆனால் டாக்டர் தண்டனைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா காயத்துக்கு மருந்து போடுவார்? அவசர சிகிச்சையை எந்த டாக்டரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 2014 நெறிமுறைகளில் திருநர்கள், பாலியல் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனிப் பகுதிகளே இருக்கின்றன. திருநங்கையிடம் அறுவை சிகிச்சை பற்றி வேடிக்கைக் கேள்வி கேட்காதீர்கள், பரிசோதனை செய்பவர் ஆணாக இருக்க வேண்டுமா பெண்ணாக இருக்க வேண்டுமா என்று அவரையே கேளுங்கள் என்பதெல்லாம் சாதாரண மரியாதை. வார்டில் ஆண் பக்கமா பெண் பக்கமா என்று ஸ்ட்ரெச்சரை நடுவில் நிறுத்தி விவாதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காட்சி போதும், அடுத்த முறை அவர் எந்த மருத்துவமனைப் படியும் ஏற மாட்டார்.

கர்ப்பம் தரித்துவிட்டால்? கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி பாலியல் வன்முறைக்கு ஆளானவர் 24 வாரம் வரை கலைக்கலாம். 20 வாரத்துக்கு மேல் இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவன் செய்த வன்கொடுமையும் இதில் அடங்கும், அதை நிரூபிக்க வழக்குப் போட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் வந்தால், அவரோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், போலீஸுக்கு அனுப்பும் தகவலில் பெயர், அடையாளத்தை டாக்டர் தர வேண்டியதில்லை. இரண்டாவது விஷயம் தெரியாததால் எத்தனையோ பெண்கள் போலி மருத்துவர்களிடம் போகிறார்கள்.

சாதாரண மருத்துவமனையால் இதெல்லாம் முடியுமா? முடியும் என்பதற்கு மும்பை மாநகராட்சி மருத்துவமனைகள் உதாரணம். பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000-ல் தொடங்கிய திலாசா மையம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவியை மருத்துவமனை வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. அதைத் தொடங்கக் காரணமாயிருந்த சேஹத் என்ற ஆய்வு அமைப்பு, 2008 முதல் மூன்று மாநகராட்சி மருத்துவமனைகளில் சம்மதம், சிகிச்சை, தடயம், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில், அங்கேயே வேலை செய்யும் டாக்டர் நர்ஸுகளைக் கொண்டே செய்து காட்டியது. புதுக் கட்டடமோ தனிச் சிறப்பு டாக்டரோ அதற்குத் தேவைப்படவில்லை. பயிற்சியும், ஒரே மாதிரியான படிவமும், தொடர்ந்து கேள்வி கேட்கும் ஆளும் தேவைப்பட்டன.

கடைசியாக, இப்போதே யாருக்காவது உதவி தேவைப்பட்டால்: பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போங்கள். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். துவைத்திருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். மாற்று உடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டிருக்கும் துணியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாசலில் மெமோ கேட்டால் "397-வது பிரிவு" என்று சொல்லுங்கள். அந்த எண்ணுக்குப் பலன் உண்டு. பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கான 14566 ஆகிய எண்களில் அழைக்கலாம். 181-ல் கேட்டால் உங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். துணைக்கு ஒருவரை அனுப்ப முடியுமா என்று அங்கே கேளுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் கொடுத்தார்களா என்று வெளியே வருவதற்கு முன் பாருங்கள், கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். டாக்டர் அதை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய சட்டம் கெடு வைத்திருக்கிறது. நகலை வாங்கியதும் சம்மதம் கேட்டது, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள்.